பதுளையில் எஞ்சிய மரங்கள்

மலைநாட்டின் கிழக்குப் பகுதியிலே, நமுனுகுலை மலையின் நிழலில், பதுளை ஓயா வளைந்தோடும் மேட்டுநிலத்தில் அமைந்திருப்பது பதுளை நகரம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,200 அடி உயரத்திலுள்ள இந்நகரம் ஊவா மாகாணத்தின் தலைநகராகும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல முதலிய இடங்களிலுள்ள தேயிலைத் தோட்டத்து மக்கள் சந்தைக்கும் வழக்குக்கும் வைத்தியத்துக்கும் நாடி வரும் ஊரும் இதுவே. கடைவீதி விழிப்பதற்கு முன்னரே இந்நகரத்தில் வேறொரு சந்தை கூடிவிடுகிறது. கோயில் அரசமரங்களில் குக்குறுவான் விடாது கூவுகிறது. ஆற்றோரத்துப் புதரில் செண்பகம் குரல் கொடுக்கிறது. மாமரக் கிளைகளில் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் வாதாடுகின்றன. ஐப்பசி பிறந்துவிட்டால் ஆறுமணிக்குருவியும் அவற்றோடு வந்து சேருகிறது.

இவற்றைக் கேட்போர், மலைநாடு இயற்கை வளம் மிக்கதாதலால் பறவைகள் தாமாகவே நிறைந்திருக்கின்றன என்று எண்ணுதல் இயல்பு. ஆயின் ஊவாவின் வரலாற்றைச் சற்று நுணுகி நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். இப்பறவைகள் வாழ்வது ஆதிக் காட்டிலன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக மனிதர் வெட்டியும் எரித்தும் நட்டும் கட்டியும் வந்தபின், அவர்கள் தொடாமல் விட்ட மரங்களிலும் ஓடைக்கரைகளிலுமே அவை தங்கியிருக்கின்றன. அவற்றை எஞ்சவிட்டவர் யார், எதற்காக எஞ்சவிட்டார் என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது, வளர்ந்துவரும் நகரத்தின் எதிர்காலத்தை எண்ணிப் பார்ப்பதற்கு உதவும்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்னர் ஊவாவின் மலைச்சாரல்கள் இரு வேறு தோற்றங்களைக் கொண்டிருந்தன. ஒன்று பத்தனை எனப்படும் புற்றரை. மற்றது நீரோடைகளின் பள்ளங்களிலும் மலைமுகடுகளிலும் செறிந்திருந்த காடு. 1817ஆம், 1818ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தில் கிராமங்கள் தீக்கிரையாயின, வயல்கள் பாழாயின. மறு ஆண்டிலே இப்பகுதியில் பயணஞ்செய்த யோன் டேவி என்னும் படைவைத்தியர் தாம் கண்டவற்றை 1821இல் நூலாக வெளியிட்டார். மக்கள் தொகை குன்றிய அந்நிலத்தில் அடுத்த மாற்றத்தை விளைவித்தது கோப்பிப் பயிர்.

அக்காலத்து ஆட்சியாளர் வனவிலங்குகளை எவ்வாறு மதித்தனர் என்பதற்குப் பதுளையிலேயே ஒரு சான்று நிற்கிறது. புனித மாற்கு தேவாலயம், மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்த அவர், தெருக்கள் அமைத்து நல்ல நிர்வாகி எனப் பெயர் பெற்றவர். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேற்பட்டவை என்று சொல்லப்படுகிறது. 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் தேதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். யானையைக் கொன்றவருக்கு அரசாங்கமே வெகுமதி வழங்கிய காலம் அது. விலங்கு பயிருக்குப் பகை, காடு விளைநிலத்துக்குத் தடை என்பதே அன்றைய பொதுக் கருத்தாக இருந்தது. ஒருவரை மட்டும் குறை கூறுவதிற் பயனில்லை.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொள்வதற்கு வழிசெய்தது. முதலில் ஏக்கர் ஒன்று 5 சிலிங் என்ற அடிவிலைக்கு விற்கப்பட்டது. நிலம் வாங்கிய துரைமார் மலைச்சரிவுகளைத் திறந்தனர். காடு வெட்டும் முறை விந்தையானது. அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்துவார்கள். இறுதியில் உச்சி வரிசையிலுள்ள பெருமரங்களை முற்றாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை விழுந்த வேகத்தில் கீழுள்ளவையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து, மலைச்சரிவு முழுவதும் பேரிடி முழக்கத்தோடு வீழ்ந்துவிடும். சில வாரங்கள் காயவிட்டுத் தீ மூட்டுவார்கள். இவ்வேலையைப் பெரும்பாலும் அயற்கிராமத்துச் சிங்களவர்கள் ஒப்பந்தத்திற்குச் செய்தனர். சாம்பல் ஆறிய நிலத்தில் குழி வெட்டிக் கோப்பி நட்டவர்களோ, தமிழகத்திலிருந்து கடல் கடந்து, நெடும்பாதையில் கால்நடையாக வந்த தொழிலாளர்கள்.

இவ்வாறு காடுகள் மறைந்துகொண்டிருந்த வேளையிலே, அப்புத்தளைப் பகுதியில் கோப்பித் துரையாக இருந்த சாமுவேல் பிளை என்பவர் பறவைகளை உற்று நோக்குவதில் ஈடுபட்டார். மலைக்காட்டின் இருண்ட பள்ளங்களில், பாறைகளிடையே பாய்ந்தோடும் ஓடையருகே, காலையிலும் மாலையிலும் சீழ்க்கையொலி எழுப்பும் கருநிறப் பறவையொன்றை அவர் கண்டெடுத்தார். ஆணின் தோளில் நீலத் திட்டு ஒளிரும் அப்பறவையை 1872இல் விஞ்ஞான உலகுக்கு விவரித்தவர் ஹோல்ட்ஸ்வேத் என்னும் அறிஞர். அவர் அதன் பெயரில் பிளையின் பெயரையும் பொறித்தார். இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி என்று இதனைக் குறிக்கலாம். உலகில் வேறெங்கும் இல்லாதது. நிழல் நீங்கிய ஓடையில் இது வாழாது. எந்தப் பயிர்த்தொழில் காட்டை அழித்ததோ, அதே தொழிலில் நின்ற ஒருவரே இதனை உலகறியச் செய்தார். இன்று இது அழியும் நிலையிலுள்ள பறவைகளின் வரிசையிற் சேர்க்கப்பட்டுள்ளது. 1878க்கும் 1880க்கும் இடையில் வெளிவந்த வின்சன்ட் லெக் என்பவரின் இலங்கைப் பறவை வரலாறு என்னும் பெருநூல், பிளை போன்ற தோட்டத்துறையினரின் குறிப்புகளையும் துணைக்கொண்டு எழுதப்பட்டதாகும்.

மரங்களை ஒன்றும் எஞ்சாமல் அழித்ததன் விளைவைத் துரைமாரும் விரைவிலேயே உணர நேர்ந்தது. 1869ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. ஹெமிலியா வஸ்டற்றிக்ஸ் என்ற பூஞ்சணத்தால் வந்த இலைநோய் அது. மலைநாடெங்கும் பரவிப் பல துரைமாரை வறியவராக்கியது. தொழிலாளரைப் பசியில் ஆழ்த்தியது. நோயை ஆராய 1880இல் வந்த மார்ஷல் உவோட் என்னும் தாவரவியலறிஞர், நோய்வித்து காற்றிற் பரவுவதைக் கண்டறிந்தார். இடையிலே காற்றைத் தடுக்கும் மரவரிசையின்றி, மலைக்கு மலை கோப்பி ஒன்றையே தொடர்ச்சியாக நட்டது நோயின் பரவலுக்குத் துணை நின்றது என்பதை அவருடைய ஆராய்ச்சி உணர்த்தியது. கோப்பி உச்சநிலையில் இருந்தபோது நாடு முழுவதிலும் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் பரந்திருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது பெரும்பாலும் மறைந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதற்கிடையில் அரசாங்கத்தின் எண்ணத்திலும் சிறிது மாற்றம் ஏற்பட்டது. இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவுக்குத் தலைவராயிருந்த சேர் ஜோசப் ஹூக்கர், மலையுச்சிக் காடுகளை விற்பது நீரூற்றுகளுக்குக் கேடு விளைவிக்கும் என 1873இல் எச்சரித்தார். அதன்பயனாக 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்கும் கொள்கை உருவாயிற்று. ஓகியாவுக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளிக் காடுகள் இன்றும் நிற்பதற்கு இக்கொள்கையும் ஒரு காரணமாகும்.

ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பதுளை நகரத்தின் உயரம் 2,200 அடி. ஊவாவின் பெரும்பாலான தோட்டங்களும் 5,000 அடிக்குக் கீழேயே உள்ளன. உச்சியைக் காத்த கொள்கை, மக்கள் வாழும் நடுமலையை அவரவர் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. ஆகவே, நகரத்திலும் தோட்டத்திலும் ஒரு மரம் நிற்பதா வீழ்வதா என்பது, அங்கங்கே இருந்த மனிதரின் தேவையையும் நம்பிக்கையையும் பொறுத்ததாயிற்று.

தேயிலைத் தோட்டத்தில் மரத்துக்குத் தேவை இருந்தது. ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்றே அம்மாகாணத்துத் தேயிலைக்கு உலகறிந்த நறுமணத்தைத் தருகிறது. எனினும் அக்காற்று மிகுந்தால் செடி வாடிவிடும். ஆதலால் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த, மலைநாட்டார் சவுக்கு என்றும் சபுக்கு என்றும் வழங்கும் கிரவில்லியா மரத்தை வரிசையாக நட்டார்கள். நிழலுக்கும் பசளைக்குமாக முள்முருக்கை நட்டார்கள். முள்முருக்கு சிவந்து பூக்கும் காலத்தில் தேன்சிட்டும் மைனாவும் கொண்டைக்குருவியும் அதனை மொய்த்துக்கொள்கின்றன. காட்டுப் பறவைகள் அனைத்தும் இவ்வாறு தோட்டத்துக்கு இணங்கி வந்துவிடவில்லை. திறந்த வெளியில் வாழக்கூடியவை பெருகின. அடர்நிழலை வேண்டுபவை ஓடைப் பள்ளங்களில் எஞ்சிய சோலைகளுக்குள் ஒதுங்கின. தோட்டத்தின் ஓடைக்கரையை வெட்டாமல் விட்ட துரை, மண்ணரிப்பைத் தடுப்பதற்கே விட்டார். அதன்மூலம் தாம் எண்ணாத உயிர்களுக்கும் இடமளித்தார்.

தொழிலாளர்கள் மரங்களைக் காத்த வழி வேறு. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு காணித் துண்டும் இருக்கவில்லை. லயத்துக் காம்பிராவும் தோட்டத்துக்கே உரியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராகவும் ஆயினர். ஆயினும் காடு வெட்டிய மலையில், ஏதேனும் ஒரு பெருமரத்தின் அடியில் கல் நட்டு, மஞ்சளும் குங்குமமும் சாத்தி, முனியாண்டி என்றும் ரோதை முனி என்றும் கவ்வாத்துச்சாமி என்றும் பெயரிட்டு வணங்கினார்கள். தேயிலை ஆலையின் ரோதைச் சக்கரத்துக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் காவலாக நின்ற தெய்வங்கள் அவை. சாமி குடியிருக்கும் மரத்தில் கத்தி வைக்க எவரும் துணியமாட்டார்கள். தோட்ட நிர்வாகமும் பெரும்பாலும் அதனைத் தொடாது. அம்மரங்களின் பொந்துகளில் ஆந்தையும் கிளியும் மைனாவும் குடியேறின. அத்தி, ஆல், அரசு ஆகியவை பழுக்குங்காலத்தில் குக்குறுவானும் பச்சைப்புறாவும் அங்கே விருந்துண்டன. நிலமற்றவர்கள் தம் வழிபாட்டால் காத்த சிறுசிறு சரணாலயங்கள் என்றே அவற்றைக் கூறலாம். எந்த வர்த்தமானியிலும் அவை இடம்பெற்றதில்லை.

நகரத்தின் உள்ளேயும் இத்தகைய இடங்கள் இருந்தன. முத்தியங்கனை விகாரையின் வெள்ளரசும் கதிர்காம தேவாலயத்தின் சூழலும் பக்தியாற் காக்கப்பட்டன. ஊவா தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்ட 1886ஆம் ஆண்டிலேயே, பேராதனைப் பூங்காவின் தலைவர் ஹென்றி டிறிமன் பதுளையில் ஒரு கிளைத் தாவரவியற் பூங்காவைத் தொடங்கினார். புதிய பயிர்களைச் சோதித்தறிவதும் நகர மக்களுக்கு நிழல்தருவதும் அதன் பணிகளாயின. இன்று பேராதனையும் ஹக்கலையும் கம்பஹா ஹெனரத்கொடையும் பூங்காக்களாக நிலைபெற்றிருக்கின்றன. பதுளைப் பூங்கா அவ்வரிசையில் இல்லை. ஆனால் அண்டையிலுள்ள நுவரெலியாவில், மகாராணியின் வைர விழாவையொட்டி 1897இல் அமைக்கப்பட்ட விக்டோரியாப் பூங்கா பேணப்பட்டது. கடைவீதியிலிருந்து சில அடி தூரத்திலுள்ள அந்தப் பூங்காவுக்கு இன்று பல நாட்டினரும் பறவை பார்ப்பதற்கென்றே வருகின்றனர். காஷ்மீரத்தில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தெற்கே இறங்கிவரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானை எளிதிற் காணத்தக்க இடங்களுள் அதுவும் ஒன்றாகும். இரு நகரங்களின் இவ்விரு பூங்காக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு நகரம் தன் நடுவில் சில ஏக்கர்களை விட்டுவைப்பதன் பயன் நன்கு விளங்கும்.

ஆறுமணிக்குருவியின் கதையும் இதனையே வற்புறுத்துகிறது. பச்சை, நீலம், செம்மை, பழுப்பு எனப் பல நிறங்கள் பொருந்திய இச்சிறு பறவை, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கோடையைக் கழித்து, இரவிலே பறந்து இலங்கைக்கு வருகிறது. வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீடுகளுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. அதிகாலையிலும் அந்தியிலும், ஆறு மணி அளவிற் கூவுவதால் தமிழர் அதற்கு இப்பெயர் இட்டனர். அதன் உணவு, மரத்தடியில் உதிர்ந்து மக்கும் சருகினுள்ளே வாழும் புழுபூச்சிகள். மரம் நின்றாலும், சருகை ஒட்டக் கூட்டி எரித்துச் சீமெந்துத் தரை போட்டுவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை.

1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. நகரம் விரிந்தது. அக்காலத்திலே காட்டுயிர்களைப் பற்றிய எண்ணமும் மாறிவந்தது. வேட்டைக்காரரும் துரைமாரும் 1894இல் நிறுவிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம், காலப்போக்கில் வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கமாயிற்று. 1937இல் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகைக்கு அருகே, தங்கமலைக் காடு சரணாலயமாக்கப்பட்டது. இலங்கைக்கே உரிய மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும் வெள்ளைக்கண்ணியும் அங்கே காணப்படுகின்றன. தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து, கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றி, தாமே ஓவியமும் தீட்டி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் வழிகாட்டி நூல், சாதாரண வாசகருக்கும் பறவைகளை அறிமுகஞ் செய்தது.

இயற்கையின் நுண்ணிய ஒழுங்கைத் தோட்டங்கள் மற்றொரு வகையிலும் கற்றுக்கொண்டன. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவுக்கு எதிராக, அதனுள் முட்டையிட்டு அழிக்கும் குளவியினம் ஒன்று 1935ஆம், 1936ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. புழுவின் தொல்லை அடங்கியது. பின்னர், தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்திரின் என்ற நஞ்சைத் தெளித்தபோது குளவியும் மடிந்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. கண்ணுக்குத் தோன்றாத உயிர்கள் கூலியின்றிச் செய்யும் பணியின் மதிப்பு, அப்பணி நின்றபோதே தெரியவந்தது. நகரத்து எலியைப் பிடிக்கும் கூகைக்கும், ஆயிரக்கணக்கான பூச்சிகளைத் தின்னும் கரிச்சானுக்கும், விதை பரப்பும் கொண்டைக்குருவிக்கும் இது பொருந்தும்.

கடைவீதிக்கே உரிய பறவையொன்றும் உண்டு. அது அடைக்கலக்குருவி. மனிதரிடம் அடைக்கலம் புகுந்து வாழ்வதால் பெற்ற பெயர். ஓட்டுக் கூரையின் இடுக்குகளில் அது கூடு கட்டும். கடை முகப்பிலும் வீட்டுத் திண்ணையிலும் அதற்கென்று மண்முட்டி கட்டித் தொங்கவிடும் வழக்கம் இலங்கையிற் பல ஊர்களில் இருந்துவந்தது. குருவி கூடு கட்டிய வீட்டில் செல்வம் தங்கும் என்பது நம்பிக்கை. கண்ணாடியாலும் கொங்கிறீற்றாலும் எழும் புதிய கட்டடங்களில் இடுக்கும் இல்லை, முட்டி தொங்கவிடும் முகப்பும் இல்லை. குருவியை எவரும் துரத்தவில்லை. ஆனால் அதற்கு இடம் வைக்க எவரும் எண்ணவில்லை.

நகரம் வளரத்தான் வேண்டும். 2005இல் ஊவா வெல்லஸ்ஸைப் பல்கலைக்கழகம் பதுளையில் அமைந்தது இம்மாகாணத்து இளைஞருக்குப் பெரும்பேறு. நூற்றாண்டுக்கு மேலாக ஒற்றை அறை லயங்களில் ஒடுங்கிக் கிடந்த குடும்பங்களுக்குத் தனி வீடும் காணியும் வேண்டும் என்பதும் மறுக்கவொண்ணாத நீதி. பறவையைக் காட்டி அவர்களின் வீட்டைத் தடுப்பது முறையன்று. ஆனால் எங்கே கட்டுவது, எதை விட்டுவைப்பது என்ற கேள்வி அவர்களின் உயிரையே பற்றியதாகும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி, கடும் மழையின்போது கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, லயங்கள் மக்களோடு மண்ணிற் புதைந்தன. அவ்வழிவுக்கு மரமின்மை ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. மலைச்சரிவுகளுக்குக் காரணங்கள் பல. எனினும் ஆழ வேரோடிய மரங்களும், அடைபடாத ஓடைகளும், கட்டடமேறாத செங்குத்துச் சரிவுகளும் மனிதருக்கும் காவல் என்பதில் ஐயமில்லை. பறவைக்கு வேண்டிய இடமும் மனிதருக்குக் காவலான இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

மயில் குளிரால் நடுங்கியதாக எண்ணித் தன் போர்வையை ஈந்த பேகனைத் தமிழர் வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் போற்றினார்கள். ஊவாவில் பறவைக்கு இடமளித்தவர்கள் பலர் அத்தகைய கருணையை எண்ணிச் செய்தவர்கள் அல்லர். ஒருவர் மண்ணரிப்புக்கு அஞ்சினார். ஒருவர் தெய்வத்துக்கு அஞ்சினார். மற்றொருவர் நிழலுக்காக நட்டார். அவர்கள் விட்டுவைத்தவற்றிலிருந்தே இன்றைய பதுளையின் விடியற்காலை ஓசை பிறக்கிறது. முன்னோர் அறியாமலே செய்ததை இனி அறிந்து செய்யவேண்டிய பொறுப்பு, நகர சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பாடசாலைக்கும் வீட்டுக்காரருக்கும் உரியது. ஆற்றின் இரு கரையிலும் ஒரு மரவரிசை, பாடசாலை முற்றத்தில் ஓர் அத்தி, தோட்டத்து ஓடையில் வெட்டப்படாத ஒரு பள்ளம், வீட்டு மூலையில் கூட்டாமல் விட்ட சிறிது சருகு, முகப்பிலே ஒரு மண்முட்டி. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. அடுத்த ஐப்பசியில் வடக்கேயிருந்து இரவோடிரவாகப் பறந்து வரும் ஆறுமணிக்குருவி, பதுளையில் இறங்குவதற்கு அவை போதுமானவை.